ஊரை ஆராய வருகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

பொது நிர்வாகம், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளில் ஆராய்ச்சி செய்து, அதையே வாழ்க்கைப் பணியாகக் கொள்வது பற்றிச் செட்டிநாட்டுப் பகுதி வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் ஐந்து இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இத்துறைகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நான் பொது நிர்வாகத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஆராய்ச்சி முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது என் ஆசை. “இந்தப் பாடத்தை எடுத்ததே டிஎன்பிஎஸ்சி எழுதத்தானே? பிஎச்.டி. படித்து எப்போது சம்பாதிக்கப் போகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? – வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.க்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் என்ற தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகைக்கு, அதாவது ஜே.ஆர்.எஃப்.புக்கு, நீங்கள் தேர்ச்சி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை ஆராய்ச்சியாளராக மாதம் 42,000 ரூபாயும் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. ஏழாவது ஊதியக் குழுவின்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. பிஎச்.டி. முடித்த பலர், அந்த அடிப்படை ஊதியத்தில் பாதியைக்கூட எட்டாத தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். என் மாணவர்களிலேயே அப்படி இருப்பவர்கள் உண்டு. அவர்களை நினைக்காமல் இந்தப் பதிலை என்னால் எழுத முடியவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான்: முதுகலை முடியும் முன்பே நெட் எழுதத் தொடங்குங்கள். இறுதியாண்டு மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல் தாளில் 50 வினாக்கள், பாடத்தாளில் 100 வினாக்கள், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் வீட்டிலிருந்து பணம் கேட்க வேண்டியதில்லை என்பதோடு, நல்ல நெறியாளரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உங்கள் பக்கம் வந்துவிடும். கிடைக்காவிட்டால், உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம்; இன்னும் இரண்டு முறை எழுதிப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி முதல் தொகுதித் தேர்வுக்கு நீங்கள் படிக்கும் அரசியலமைப்பும் நிர்வாகமும் இதற்கும் உதவும். ஓராண்டுக்கு இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் தவறில்லை. ஆனால் தேர்வு முடிவு வரும்வரை உட்கார்ந்திருக்கும் திண்ணையாக மட்டும் பிஎச்.டி.யை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்களுடைய ஆய்வேடும் தேறவில்லை, தேர்வும் தேறவில்லை என்பதையே நான் கண்டிருக்கிறேன்.

பொது நிர்வாகம் போட்டித் தேர்வுக்கான பாடம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே இத்துறையில் பட்டயப் படிப்பைத் தொடங்கிவிட்டது. அரசு எவ்வாறு இயங்குகிறது என்று கற்பதற்காக எழுந்த துறை இது என்று வீட்டாரிடம் தயங்காமல் சொல்லலாம். திருமணப் பேச்சும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்த காலம் மூன்று ஆண்டுகள், அதிக காலம் ஆறு ஆண்டுகள். மறுபதிவின் மூலம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை பெறவும் வழி இருக்கிறது.

கேள்வி: ஊரக வளர்ச்சியில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். நெட் பாடப் பட்டியலில் என் பாடத்தின் பெயரே இல்லை. எந்தப் பாடத்தில் எழுதுவது? மேற்கொண்டு எங்கே ஆராய்ச்சி செய்யலாம்? – வாசகர், தேவகோட்டை

பதில்: முதுகலைப் பாடம் பட்டியலில் இல்லாதவர்கள் தொடர்புடைய பாடத்தில் எழுதலாம் என்பது விதி. பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழேயே ஊரகப் பொருளாதாரம், கூட்டுறவு, வளர்ச்சியியல் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. பொது நிர்வாகமும் சமூகப் பணியும் தனிப் பாடங்களாக உள்ளன. நீங்கள் முதுகலையில் எந்தத் தாள்களை அதிகம் படித்தீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். புள்ளியியலும் நுண்ணியல் பொருளாதாரமும் பழக்கமில்லாமல் பொருளாதாரத்தில் இறங்கினால் ஆண்டுகள் வீணாகும்.

இந்த முடிவை எளிதாக எண்ணிவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பிற்பாடு உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது முதுகலைப் பட்டம், நெட், பிஎச்.டி. மூன்றும் ஒரே துறையையோ ஒன்றுக்கொன்று உரிய துறைகளையோ சார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். முதுகலை ஊரக வளர்ச்சி, நெட் சமூகப் பணி, பிஎச்.டி. மேலாண்மை என்று மூன்று திசையில் போனவர்கள், எந்தத் துறைக்கும் உரியவர்கள் அல்லர் என்று திருப்பி அனுப்பப்படுவதைத் தேர்வுக் குழுக்களில் இருந்து கண்டிருக்கிறேன். நீங்கள் வேலை செய்ய விரும்பும் துறையின் பழைய பணி அறிவிக்கைகளில் நான்கைந்தை எடுத்து, ‘தகுதி’ என்ற பத்தியை மட்டும் ஊன்றிப் படித்துவிட்டு நெட் விண்ணப்பத்தை நிரப்புங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்பதும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமம் இருக்கிறது. 1956-ல் ஊரகக் கல்வி நிறுவனமாகத் தொடங்கி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. உங்கள் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. சென்னையில், மால்கம் ஆதிசேசையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் பொருளாதாரப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு உகந்தது. பயிற்சியோடு சேர்ந்த ஆராய்ச்சி என்றால் ஐதராபாத்தில் தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனமும், மறைமலைநகரில் மாநில நிறுவனமும் உள்ளன. குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் கூட்டுறவிலும் மேலாண்மையிலும் நாட்டமுள்ளவர்களுக்கானது. திட்ட உதவியாளராக ஓராண்டு எங்காவது வேலை பார்த்துவிட்டுப் பிஎச்.டி.க்கு வருவதையும் நான் நல்ல வழியாகவே கருதுகிறேன்; ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டிய கை அதன்பின் எழுதும்போது தெரிந்துவிடும்.

கேள்வி: பிஎச்.டி. பதிவு செய்திருக்கிறேன். ‘சிவகங்கை மாவட்ட ஊரக வளர்ச்சியில் ஊராட்சிகளின் பங்கு’ என்று தலைப்பு வைக்கலாம் என்று நெறியாளர் சொல்கிறார். எனக்கு நிறைவாக இல்லை. ஆனால் வேறு எப்படித் தேடுவது என்றும் தெரியவில்லை. – வாசகி, திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: உங்களுக்கு நிறைவில்லாமல் இருப்பது நல்ல அறிகுறி. நீங்கள் எழுதியிருப்பது ஒரு துறையின் பெயர். அதில் கேள்வி இல்லை. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது நம் மாவட்டத்தில் 12 ஒன்றியங்களும் 445 ஊராட்சிகளும் இருந்தன. அத்தனைக்கும் ஒரே ‘பங்கு’ இருக்க முடியாது. இத்தகைய தலைப்பை எடுத்தவர்கள், முதல் இயலை உத்திரமேரூர்க் குடவோலையில் தொடங்கி, 1957-ல் அமைந்த பல்வந்த்ராய் மேத்தா குழு, 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் என்று எல்லோரும் எழுதியதையே எழுதிவிட்டு, முந்நூறு பேரிடம் ‘மிகவும் திருப்தி’ முதல் ‘மிகவும் அதிருப்தி’ வரை குறி போடச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த முந்நூறு பேரில் ஒருவர்கூட அந்த ஆய்வேட்டில் வாய் திறந்து பேசியிருக்க மாட்டார்.

கேள்வி எங்கே கிடைக்கும் என்றால், உங்கள் கண் முன்னே கிடைக்கும். நம் பக்கத்துக் கண்மாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆனால் தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர் வரும். மேலே இருப்பது ஒன்றியத்திடமும் கீழே இருப்பது துறையிடமும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே கருவேல முள் மண்டிக் கிடக்கும் வரத்துக்காலைத் தூர்வார வேண்டியவர் யார்? எந்தக் கோப்பில், எந்த ஆண்டில், யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள்? பதில் வந்ததா? ஒரே ஒரு கண்மாய்த் தொடரில் இதை முழுமையாகப் பின்தொடர்ந்து எழுதினால், அது பொது நிர்வாக ஆய்வாகவும் ஊரக வளர்ச்சி ஆய்வாகவும் ஒருங்கே நிற்கும்.

இன்னொன்று. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு அருகிலிருந்த சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஊராட்சியாக இருந்தவரை அந்த ஊர்களுக்குக் கிராம சபை இருந்தது, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நூறு நாள் வேலை இருந்தது, வீட்டு வரி வேறாக இருந்தது. இவை ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எப்படி மாறின, ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் வரவு செலவில் அது எங்கே தெரிகிறது என்று பார்க்க, ஆட்களின் நினைவு மங்குவதற்குள் போயாக வேண்டும். மற்றொன்றும் காத்திருக்கிறது. 2016 அக்டோபர் முதல் 2019 தேர்தல் வரை ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இருந்த ஆண்டுகளின் தீர்மானப் புத்தகத்தையும், அலுவலர் இருந்த ஆண்டுகளின் புத்தகத்தையும் அருகருகே வைத்து, எந்தத் தெருவுக்கு எந்த வேலை முதலில் நடந்தது என்று பார்த்தால் போதும். கேள்வி தானே எழும்.

களத்துக்குப் போகும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 1970-களில் வடாற்காட்டில் களப்பணி செய்த ராபர்ட் சேம்பர்ஸ் என்ற அறிஞர், ஊர்ப்புறத்தை ஆராய வருகிறவர்கள் தார்ச்சாலையை ஒட்டிய வீடுகளையே பார்க்கிறார்கள், மழை இல்லாத காலத்திலேயே வருகிறார்கள், ஆகவே வறுமையின் கடுமை அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று எழுதினார். நம் ஊர்களுக்கு இது முழுவதும் பொருந்தும். சித்திரைத் திருவிழாவில் வெளியூரிலிருந்து வந்தவர்களால் நிறைந்திருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு அதுதான் ஊர் என்று எழுதக் கூடாது. ஐப்பசி அடைமழையில் வேலையின்றி வீட்டுக்குள் இருப்பவர்களையும், பங்குனி வெயிலில் ஊருணிப் படியில் குடத்தோடு நிற்பவர்களையும் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

இதே ஊர்க்காரர் என்பது உங்களுக்குப் பெரிய பலம்தான். ஆனால் தெரிந்த ஊர் என்ற எண்ணமே சில நேரம் கண்ணை மறைத்துவிடும். என் முதல் கள ஆய்வில் கல்லல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நீண்ட வளவு, அதாவது உள்முற்றக் கட்டு, உள்ள வீட்டுக்கு ‘குடும்பம்: 1’ என்று எழுதிவிட்டு மாத உணவுச் செலவைக் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த ஆச்சி, “இந்த வீட்டுல நாலு அடுப்பு எரியுது தம்பி, நீங்க எந்த அடுப்பைக் கேக்குறீக?” என்றார். நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு என்பதும், ஒரே கூரையின் கீழே மகன்கள் தனித்தனியே உலை வைப்பார்கள் என்பதும் நான் பிறந்தது முதல் அறிந்தவை. இருந்தும் படிவத்தைக் கையில் எடுத்த நேரத்தில் அதை மறந்துபோனேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பொதுச் சமையலை வைத்தே குடும்பத்தை எண்ணுகிறது. அன்று இரவு உட்கார்ந்து பார்த்ததில், அதுவரை முடித்திருந்த அறுபது வீடுகளின் படிவங்களும் பயனற்றவை என்று தெரிந்தது. மறுநாள் முதல் வீட்டிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

உங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராயத் தொடங்கினார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த வடமலைபுரமும் அவற்றுள் ஒன்று. 1930-களில் பொருளியலாளர்கள் தாமஸும் இராமகிருஷ்ணனும், 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அந்த ஊர்களில் சிலவற்றுக்குத் திரும்பிப் போனார்கள். முதலில் போனவர் நிலம், கூலி, கடன் ஆகியவற்றை ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் பின்னால் போனவர்களால் எது மாறியது என்று சொல்ல முடிந்தது. உங்கள் குறிப்பேட்டை அறுபது ஆண்டு கழித்து ஒருவர் எடுத்துக்கொண்டு அதே ஊருக்கு வருவார் என்று எண்ணி எழுதுங்கள். நெறியாளரிடம் மறுத்துப் பேச வேண்டாம். மேலே சொன்னவற்றுள் ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதி, எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: “பத்து நாளில் கட்டுரை வெளியாகும், பன்னாட்டு இதழ், கட்டணம் இவ்வளவு” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அனுப்பலாமா? – வாசகர், கோட்டையூர்

பதில்: அனுப்பாதீர்கள். கட்டுரையைப் படித்துப் பார்க்காமலேயே நாள் குறித்துக் கொடுக்கும் இதழ், ஆய்வு இதழ் ஆகாது. பிஎச்.டி. ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து யு.ஜி.சி. நீக்கிவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியே கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கத்தக்க ஆய்வு இதழ்கள் என்று யு.ஜி.சி. பராமரித்துவந்த ‘கேர்’ பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. ஆகவே ‘பட்டியலில் உள்ள இதழ்’ என்று இன்று யாராவது ஆசை காட்டினால் அதற்குப் பொருள் இல்லை. உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் மூன்று பேர் எந்த இதழ்களில் எழுதுகிறார்கள் என்று பார்த்து, அங்கே அனுப்புங்கள். திருப்பி அனுப்பினாலும் மதிப்பீட்டாளரின் குறிப்பு கைக்கு வரும். அதற்கு விலை இல்லை.

கேள்வி: எனக்கு 41 வயது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பொது நிர்வாகத்தில் முதுகலை உண்டு. இந்த வயதில் பிஎச்.டி. செய்ய முடியுமா? – வாசகர், கானாடுகாத்தான் அருகில்

பதில்: தாராளமாக முடியும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, சில பிரிவினருக்கு ஐந்தாண்டு தளர்வு. அது உங்களுக்கு இல்லை. ஆனால் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் எழுத வயது வரம்பு கிடையாது. 2024 ஜூன் முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். பகுதி நேர ஆய்வை விதிகள் அனுமதிக்கின்றன. அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பதே முக்கியமான நிபந்தனை.

உங்களுக்கு இருக்கும் பலம் வேறு யாருக்கும் இல்லை. வெளியிலிருந்து வரும் மாணவர் ஒரு பதிவேட்டைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருக்கிறார். உங்களுக்கு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும், எந்தப் பத்தியை யார் எப்போது நிரப்புவார்கள் என்பதும் தெரியும். இங்குள்ள பழைய வட்டிக்கடைகளில் ஐந்தொகை போட்டுப் பழகியவர்கள், பேரேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எங்கே கணக்கு இடிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நிர்வாக ஆய்வுக்கு வேண்டியது அந்தக் கண்தான்.

ஆனால் பணிக்காகக் கைக்கு வந்த தாளை ஆய்வுக்காக எடுத்துக்கொள்வது முறையன்று. உங்கள் ஒன்றியத்தை விட்டு வேறு ஒன்றியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே எல்லோரையும் போல எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். உங்களிடம் பேசும் ஊராட்சிச் செயலர், பேசியது தம் மேலதிகாரிக்குப் போகுமோ என்று அஞ்சுவார். ஆகவே ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊராட்சி ஒன்றின் கிராம சபைப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டத்துக்கு நூற்று நாற்பது கையொப்பங்கள் இருந்தன. முதல் இருபத்தைந்து வேறு வேறு மையில், வேறு வேறு சாய்வில், இடையிடையே கைநாட்டோடு இருந்தன. மற்றவை எல்லாம் ஒரே பேனாவால், ஒரே சீரான இடைவெளியில் எழுதப்பட்டிருந்தன. என்னோடு வந்த இளம் ஆய்வாளர் அதை மோசடி என்று குறித்துக்கொண்டு புறப்படத் தயாரானார். பக்கத்தில் இருந்த செயலர், கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வேண்டும், வயல் வேலை நாளில் அத்தனை பேர் வருவதில்லை, வராவிட்டால் தெருவிளக்குத் தீர்மானமும் நிற்காது என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கும் ஊரின் வேலை நாளுக்கும் நடுவே நின்று அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதுதான் ஆராயப்பட வேண்டியது. ஒன்றிய அலுவலகத்தில் பணிபுரியும் உங்களுக்கு அந்தச் செயலரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். உண்மையாகவே வந்து கையொப்பமிட்ட அந்த இருபத்தைந்து பேரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டும். தடையின்மைச் சான்றுக்கான விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது எத்தனை மேசைகளைக் கடந்து திரும்பி வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.